வலிக்கவில்லை என்று சொன்னவர்கள்

முதுகில் ஊசி போட்டுக்கொண்டால் கால் விளங்காமல் போய்விடுமா என்று, உத்திரமேரூருக்குத் தெற்கே நான் முதியோர் கல்வி வகுப்பு நடத்தும் ஊரில் பலரும் என்னிடம் கேட்டுவிட்டார்கள். அந்த ஊசியைப் போட்டுக்கொண்ட என் தந்தை, இந்த ஐப்பசியில் ஏரிக்குக் கீழேயுள்ள எங்கள் முக்கால் காணியில் நடவு முடிகிற வரையில் வரப்பை விட்டு நகரவில்லை. கேள்விக்கு அதுவே விடை. ஆயினும் அந்த ஆஸ்பத்திரி நாட்களை முழுவதுமாக எழுதிவைக்க வேண்டும் என்று எனக்குத் தோன்றக் காரணம் ஊசி அல்ல. அதன் பிறகு கேட்கப்பட்ட ஒரு சிறிய கேள்விக்கு எங்கள் பக்கத்து ஆண்கள் சொல்லிவந்த பதில்.

சென்ற தை அறுவடையில் களத்துக்கு நெற்கட்டு சுமந்து வந்துகொண்டிருந்த நைனா, பாதி வழியில் கட்டைக் கீழே போட்டுவிட்டு வயிற்றைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தார். அப்பாவை நாங்கள் நைனா என்றுதான் அழைப்போம். வலது தொடை மடிப்பில் எலுமிச்சை அளவுக்கு ஒரு வீக்கம். உத்திரமேரூர் டாக்டர் அதை மெல்ல அழுத்தி உள்ளே தள்ளிவிட்டு, குடலிறக்கம் என்றார். வயிற்றுச் சுவர் ஓரிடத்தில் நைந்து, குடலின் ஒரு மடிப்பு அந்த வழியே நழுவி இறங்குவதற்கு அந்தப் பெயர். இறங்கிய குடல் திரும்ப ஏறும் வரையில் ஆபத்தில்லை. சிக்கிக்கொண்டு ரத்த ஓட்டம் நின்றுவிட்டால் சில மணி நேரத்தில் உயிருக்கே கேடு. "இந்தத் தடவை ஏறிடுச்சு. அடுத்த தடவை ஏறும்னு நான் சொல்லமாட்டேன்" என்றார் அவர்.

அது புதிதாக வந்த வீக்கம் அல்ல என்பது ஆஸ்பத்திரிக்குப் பை கட்டும்போது தெரிந்தது. அம்மா நான்கு துணிப்பட்டைகளைத் துவைத்து மடித்துப் பையின் அடியில் வைத்தாள். அவளுடைய பழைய புடவையைக் கிழித்து, இரண்டாக மடித்துத் தைத்தவை. வேட்டிக்குள்ளே இறுக்கிக் கட்டிக்கொள்வதற்கு.

"எத்தினி வருசமாம்மா?" என்றேன்.

"உனுக்குக் காலேஜில எடம் கெடச்ச வருசம்" என்றாள் அம்மா. "நான் பாத்தேன்னு அவருகிட்ட காட்டிக்கல. தெச்சிப் பொட்டியில வெப்பேன். எடுத்துக் கட்டிக்குவாரு. நான் கேக்கல, அவரும் சொல்லல."

பத்து ஆண்டுகளாக ஒரு வலி எங்கள் வீட்டில் சாப்பிட்டு, உறங்கி, ஏர் ஓட்டிக்கொண்டு இருந்திருக்கிறது. வேதியியல் படித்த நான் அதைக் கவனிக்கவில்லை.

எந்த ஆஸ்பத்திரி என்று எழுதப்போவதில்லை. அரசாங்கத்தினுடையது, பெரியது, இரண்டு பேருந்து மாறிப் போகவேண்டும். முதல் மூன்று நாட்கள் பெஞ்சுகளில் கழிந்தன. ரத்தம், சிறுநீர், மார்பு எக்ஸ்ரே, இதயத்தின் துடிப்பைக் கோடுகளாக வரையும் ஈ.சி.ஜி. என்று ஒவ்வொன்றுக்கும் ஒரு வரிசை இருந்தது. கடைசியாக, மயக்க மருந்து கொடுக்கும் டாக்டர் மரகதம் வந்தார். முப்பது வயது இருக்கும். ஒரு நெருப்புக்குச்சியைக் கிழித்து நைனாவின் முகத்துக்கு முன் ஒரு சாண் தள்ளிப் பிடித்து, வாயை அகலத் திறந்தபடியே ஊதி அணைக்கச் சொன்னார். நைனா ஊதினார். சுடர் வளைந்து நிமிர்ந்தது. மறுபடி ஊதினார். குச்சி டாக்டரின் விரல் வரை எரிந்துவிட்டது.

"பீடி எத்தனை வருஷமா ஐயா?"

"மீசை மொளைக்கறதுக்கு மின்னால இருந்து, டாக்டரம்மா."

"அதான். இத்தனை வருஷமா கொளுத்தினதை இப்ப அணைக்க முடியல."

நைனா சிரித்தார். எனக்குச் சிரிப்பு வரவில்லை. டாக்டர் என்னைத் தனியே அழைத்து விளக்கினார். இந்த நுரையீரலை வைத்துக்கொண்டு முழு மயக்கம் கொடுத்தால், எழுப்புவது கடினம். ஆகவே முதுகில்தான் ஊசி. தண்டுவடம் முடிகிற இடத்துக்குக் கீழே, அதைச் சூழ்ந்திருக்கும் நீரில் மெல்லிய ஊசியால் மருந்தைக் கலந்தால், இடுப்புக்குக் கீழேயுள்ள நரம்புகள் ஒன்றிரண்டு மணி நேரம் உறங்கும். மருந்து கரைந்ததும் விழித்துக்கொள்ளும். கால் எங்கும் போய்விடாது.

ஆனால் வயதானவர்களிடம் வேறொரு சிக்கல். அவர்களுக்கு அந்த நீர் குறைவு. இளைஞனுக்குத் தொப்புள் வரையில் ஏறுகிற மருந்து, முதியவருக்கு மார்பு வரையில் ஏறிவிடக்கூடும். ஏறினால் ரத்தக் குழாய்கள் தளர்ந்து, ரத்த அழுத்தம் சரிந்துவிடும். நைனாவின் ஈ.சி.ஜி.யும் அவ்வளவு நன்றாக இல்லை. எனவே வழக்கமான செறிவுள்ள மருந்தையும், அதில் பாதிச் செறிவுள்ள மருந்தையும் முதியவர்களுக்குக் கொடுத்து, பாதி போதுமா என்று டாக்டர் மரகதம் ஒப்பிட்டுவருகிறார். செறிவு என்பது, ஒரே அளவு நீரில் எவ்வளவு மருந்து கரைந்திருக்கிறது என்பது. யாருக்கு எது என்பதை அவர் தேர்ந்தெடுப்பதில்லை. பிஸ்கட் டப்பாவில், எந்தச் செறிவு என்று எழுதிய சீட்டை உள்ளே வைத்து ஒட்டிய உறைகள் இருக்கும். ஓர் உறையை எடுத்து, பெரிய டாக்டர் பிரித்துப் பார்த்து, மருந்தைக் கலந்து தருவார். எது என்று மரகதத்துக்கே தெரியாது. தெரிந்தால், தேற வேண்டும் என்று அவர் விரும்புகிற மருந்துக்குச் சாதகமாக அவருடைய கண்ணே பார்த்துவிடும் என்றார்.

ஏழைகளின் உடம்பில்தான் இவற்றையெல்லாம் ஒப்பிட்டுப் பார்ப்பார்களா என்ற கேள்வி என்னிடம் இருந்தது. மறைக்காமல் கேட்டேன்.

"நியாயமான கேள்வி" என்றார் அவர். "நீங்க வேண்டாம்னா வழக்கமான மருந்தைக் கொடுப்பேன். ஆனா அந்த அளவு இவர் வயசுக்குச் சரியான்னு எனக்குத் தெரியாது. தெரியும்னு சொல்லிக் கொடுக்கறதைவிட, தெரியாதுன்னு சொல்லிட்டுப் பக்கத்துலயே உட்கார்ந்து பார்க்கறது மேல்னு நினைக்கிறேன்."

நான் இன்னும் யோசித்துக்கொண்டிருக்க, நைனா முடிவே செய்துவிட்டார்.

"பூச்சி மருந்து கணக்குதானே இது? கெட்டியா அடிச்சா பயிரு கருகிப் பூடும். தண்ணியா அடிச்சா புழு சிரிச்சிக்கினு பூடும். எத்தினி மூடின்னு அடிச்சிப் பாத்தாதான் தெரியும். சீட்டு எடுக்கறதுக்கு இன்னா பயம்? உத்திரமேரூரு கோயில் செவுத்துலயே எழுதிக் கீது, கொடத்துல ஓலையைப் போட்டு எடுன்னு."

படிவத்தில் கையெழுத்திட்டார். என் வகுப்பில் அவரும் ஒரு மாணவர் என்பதால் அந்தக் கையெழுத்தில் எனக்கும் ஒரு பங்கு உண்டு.

வார்டில் பக்கத்துக் கட்டிலில் ராஜகுளத்துக் கோவிந்தசாமி இருந்தார். எழுபதைத் தாண்டியவர். இதே அறுவை முடிந்து நான்கு நாட்கள் ஆகியிருந்தன. இட்லி வாங்கி வரும் உறவினர்களை எல்லாம் வரிசையாக நைனாவுக்கு அறிமுகம் செய்து, நாஷ்டாவில் பாதியையும் தள்ளிவிடுவார். அன்று பிற்பகல், நான் ஜன்னலோரம் நைனாவின் வேட்டியைக் காயப்போட்டுக்கொண்டிருந்தேன். அவர்கள் பேச்சு தெளிவாகக் கேட்டது.

"அண்ணாத்த, ஊசி போட்டதும் டாக்டரம்மா குண்டூசியால அங்கங்க குத்தும். வலிக்குதான்னு கேக்கும். இல்லம்மான்னு சொல்லிடு."

"வலிச்சா?"

"வலிச்சாலும்தான். எனுக்கு வெட்டும்போது சுருக்குனுச்சி. பல்லைக் கடிச்சிக்கினேன். கொஞ்ச நேரம் பேஜாரு, அப்பால முடிஞ்சிபூடுது. எதிர்க் கட்டிலு மேஸ்திரிக்கும் அப்படித்தான். கேளு அவர."

எதிர்க் கட்டிலில் இருந்த கொத்தனார் மேஸ்திரி போர்வைக்குள்ளிருந்தே, "ஆம்பளைங்கதானே நாம" என்றார்.

"அதுவும் எதிர்ல நிக்கறது ஒரு பொம்பளப் புள்ள" என்றார் கோவிந்தசாமி. "நம்ம பேத்தி வயசு. அதுகிட்டப் போயி வலிக்குதுன்னு அழுவறதா?"

"சேச்சே" என்றார் நைனா.

என் கையில் வேட்டி அப்படியே நின்றுவிட்டது. குண்டூசிக்கு அவர்கள் சொல்கிற 'இல்லை' என்ற ஒரு சொல்லை வைத்துக்கொண்டுதான் டாக்டர் மரகதம் மருந்து ஏறிவிட்டது என்று அறுவை டாக்டரிடம் சொல்கிறார். அதையே நோட்டில் எழுதுகிறார். பாதிச் செறிவு போதும் என்று அந்த நோட்டு சொல்லுமானால், நாளை எத்தனை ஊர்களில் எத்தனை முதியவர்கள் அந்த நோட்டின் பேரில் மேசையில் படுப்பார்கள்? அவர்கள் எல்லோருமே பல்லைக் கடித்துக்கொள்ளத் தெரிந்தவர்களாக இருக்கவேண்டுமே. நைனாவைப் பற்றிய பயமோ இன்னும் அருகிலிருந்தது. வலியை விழுங்கிக்கொண்டு அவர் பாதியில் துடித்தால், அழுத்தம் தாறுமாறாகும். வேறு வழியின்றி, எது கூடாது என்றார்களோ அந்த முழு மயக்கத்துக்கே போகவேண்டிவரும்.

உடனே ஓடிப்போய் டாக்டரிடம் சொன்னேன் என்று எழுத ஆசைதான். ஒரு முழுப் பகல் சொல்லவில்லை. சொன்னால் கோவிந்தசாமியைக் காட்டிக்கொடுத்தவள் ஆவேன். ஓர் இளம் டாக்டரின் பல மாத உழைப்பைப் பாழாக்குவேன். அவர் அறுவையைத் தள்ளிவைத்து, அந்த இடைவெளியில் குடல் சிக்கிக்கொண்டால் அந்தப் பழியும் என்னுடையதே. ஆகவே முதலில் நைனாவிடமே கேட்டுப் பார்த்தேன்.

"வலிச்சா வலிக்குதுன்னு சொல்லிடு நைனா."

"வலிக்காது, மலரு."

"வலிச்சா?"

"அத்தான் வலிக்காதுன்றேனே" என்று சுவர்ப்பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டார். பத்து ஆண்டுகள் பட்டை கட்டிக்கொண்டவரிடம் வேறு எதை எதிர்பார்ப்பது? மறுநாள் மாலை டாக்டர் அறைக்குப் போனேன்.

நான் சொல்லி முடிக்கும் வரையில் அவர் குறுக்கிடவில்லை. நோட்டைப் புரட்டினார். பக்கம் பக்கமாக 'வலி இல்லை', 'வலி இல்லை' என்றே இருந்தது. "எல்லாருக்கும் இவ்வளவு நல்லா வேலை செய்யுதேன்னு சந்தோஷப்பட்டுக்கிட்டிருந்தேன்" என்றார். பிறகு எழுந்து வார்டுக்கு நடந்தார். நான் பின்னால் போனேன், தண்டனைக்குப் போகிறவளைப் போல.

அவர் கோவிந்தசாமியின் கட்டில் விளிம்பில் உட்கார்ந்தார். "தாத்தா, வெட்டும்போது வலிச்சுதா?"

கோவிந்தசாமி என்னைப் பார்த்தார், கூரையைப் பார்த்தார். "லேசா."

"ஏன் சொல்லல?"

"நீ எம்மாம் நேரம் குனிஞ்சிக்கினு கஷ்டப்பட்டு ஊசி போட்ட. வலிக்குதுன்னா உன் மனசு இன்னா பாடுபடும்? பெரிய டாக்டரு வேற பக்கத்துல நின்னுக்கினு கீறாரு. உன்னத் திட்டிட்டா?"

டாக்டர் மரகதம் அவருடைய போர்வையை இழுத்துச் சரிசெய்துவிட்டு எழுந்தார். கோவிந்தசாமி சொன்னது வீம்பால் சொன்ன பொய் மட்டும் அல்ல. டாக்டர் நன்றாக இருக்கட்டும் என்று நினைத்துச் சொன்ன பொய்யும் கூட.

"குத்திப் பார்த்துக் கேட்டா இவங்க யாரும் சொல்லமாட்டாங்க" என்று டாக்டர் வெளியே வந்து என்னிடம் சொன்னார். "வேற எப்படிக் கேட்கறதுன்னு தெரியல."

அது மறுநாள் காலையில் தெரிந்தது. நைனாவுக்கு மருந்து ஒத்துக்கொள்கிறதா என்று பார்க்கும் ஊசி போட நர்ஸ் வந்தார். டாக்டரும் கூட இருந்தார். நர்ஸ் ஸ்பிரிட்டில் நனைத்த பஞ்சால் நைனாவின் கையைத் துடைத்தார்.

"யம்மாடி, இன்னா இது, ஐஸாட்டம் கீது" என்று நைனா கையைச் சட்டென்று இழுத்துக்கொண்டார்.

அதன் பிறகு ஊசி இறங்கியது. நைனாவின் முகத்தில் ஓர் அசைவும் இல்லை.

டாக்டர் நர்ஸின் தட்டிலிருந்து பஞ்சை எடுத்து, நைனாவின் புறங்கையில் வைத்தார். "இது?"

"சில்லுனு கீது."

"சொல்றதுக்கு வெட்கமா இல்லையா ஐயா?"

"சில்லுனு கீறத சில்லுனு கீதுன்னு சொல்றதுக்கு இன்னாத்துக்கு வெக்கம்? மார்கழி சேத்துல எறங்கறவன் எவனும் சொல்வான்."

டாக்டர் என் பக்கம் திரும்பினார். வலியை உணரும் நரம்பும் குளிர்ச்சியை உணரும் நரம்பும் ஏறக்குறைய ஒன்றாகவே உறங்குகின்றன என்று பிறகு விளக்கினார். ஆகவே குளிர்ச்சி மறைந்த இடத்தில் பொதுவாக வலியும் மறைந்திருக்கும். பஞ்சால் சோதிப்பது மருத்துவத்தில் இல்லாத முறை அல்ல. குண்டூசி கைவாக்கில் இருந்ததால் அது வழக்கமாகிவிட்டது, அவ்வளவுதான். எங்கள் ஆண்களிடம் வலியைப் பற்றிக் கேட்டால் வீரத்தைக் காட்டுவார்கள். குளிரைப் பற்றிக் கேட்டால் உண்மையைச் சொல்லுவார்கள்.

அறுவை அடுத்த நாள் காலை நடந்தது. கதவுக்கு வெளியே நானும், முதல் பேருந்தைப் பிடித்து வந்த அம்மாவும் உட்கார்ந்திருந்தோம். உள்ளே நடந்ததை நைனாவும் டாக்டரும் பிறகு சொன்னதிலிருந்து எழுதுகிறேன்.

உறை எடுக்கப்பட்டது. ஒருக்களித்துப் படுக்கவைத்து, முழங்காலை வயிற்றோடு சேர்த்து வளைத்து, முதுகில் ஊசி போட்டார்கள். "காலு ரெண்டும் வெந்நீர்ல வெச்ச மாரி கதகதன்னு ஆச்சி. அப்பால அது என் காலே இல்ல, யாருதோ" என்றார் நைனா. டாக்டர் ஈரப் பஞ்சைப் பாதத்தில் வைத்தார். ஒன்றும் தெரியவில்லை. முழங்காலில் வைத்தார். தெரியவில்லை. தொடை மடிப்பில் வைத்தார்.

"சில்லுனு கீது."

மருந்து இன்னும் சற்று ஏறட்டும் என்று டாக்டர் மேசையைத் தலைப்பக்கம் சற்றுத் தாழ்த்தினார். ஐந்து நிமிடம் கழித்து மறுபடி.

"சில்லுனு கீது, டாக்டரம்மா."

அறுவை டாக்டர் கையுறையோடு நின்றுகொண்டிருந்தார். நேரமாகிறது என்றார். இன்னும் ஐந்து நிமிடம் என்றார் மரகதம். அதன் பிறகும் வெட்டவேண்டிய இடத்தில் குளிர்ச்சி போகவில்லை. "கொஞ்சம் சில்லுனு கீது. மின்ன மாரி இல்ல. ஆனா கீது" என்றார் நைனா, நெல்லின் ஈரப்பதத்தைச் சொல்வதுபோல் அளந்து. மரகதம் பஞ்சைக் கீழே வைத்துவிட்டு, "போதல சார்" என்றார்.

அறுவை டாக்டர் அந்த இடத்திலேயே தோலுக்கடியில் மரப்பு ஊசி போட்டு, மறுபடி பஞ்சு வைத்து, குளிரவில்லை என்று நைனா சொன்ன பிறகே கத்தியை எடுத்தார். முக்கால் மணி நேரத்தில் முடிந்தது. அதுவரையில் நைனாவின் ரத்த அழுத்தம் ஒருமுறைகூடச் சரியவில்லை. நடுவில் நைனா, டாக்டருடைய ஊரில் எந்த நெல் போட்டிருக்கிறார்கள் என்று அவரிடம் விசாரித்தாராம்.

அன்று முழுவதும் தலையணையின்றி மல்லாந்து படுத்திருக்கவேண்டும். தலையைத் தூக்கினால் ஊசி போட்ட துளைவழி நீர் கசிந்து கடும் தலைவலி வரும். மாலையில் கஞ்சி குடிக்கலாம் என்றார்கள். அம்மா அதற்கு வீட்டிலிருந்து பாலாடையைக் கொண்டுவந்திருந்தாள். நான் கைக்குழந்தையாக இருந்தபோது பால் புகட்டிய அதே பித்தளைப் பாலாடை. நைனா வாயைத் திறந்து குடித்தார். கோவிந்தசாமி கட்டிலிலிருந்து, "அறுவத்தெட்டு வயசுக் கொயந்த" என்றார். அம்மா அவருக்கும் ஒரு பாலாடை கஞ்சி கொடுத்து வாயை அடைத்தாள். இரவுக்குள் நைனா கட்டைவிரலை அசைத்தார். கால் திரும்பிவிட்டது.

மூன்றாம் நாள் டாக்டர் மரகதம் நோட்டோடு வந்தார். பழைய பக்கங்களின் குறுக்கே ஒரே ஒரு கோடு இழுத்து, ஓரத்தில் 'கேட்ட முறை தவறு' என்று எழுதியிருந்தார். அத்தனை மாத உழைப்பு. புதிய பக்கத்தில் முதல் வரிசையில் நைனா. எதிரே, அந்த நோட்டில் முதல்முறையாக, 'போதவில்லை'.

"வருத்தமா இருக்கா?" என்று கேட்டேன்.

"நேத்து இருந்தது" என்றார். "தப்பா முடிச்சிருந்தா எத்தனை பேருக்கு வலிச்சிருக்கும்னு நினைச்சா இல்ல." பிறகு நைனாவிடம், "ஐயா, நீங்கதான் என் முதல் உண்மையான கேஸ்" என்றார்.

"இன்னாம்மா, நான் ஒண்ணும் பண்ணல. சில்லுனு இருந்துது, சொன்னேன்."

அண்மையில் டாக்டரிடமிருந்து ஓர் அஞ்சலட்டை வந்தது. நைனாவுக்குக் கிடைத்தது பாதிச் செறிவு. இரண்டுக்கும் நடுவில் மூன்றாவதாக ஒரு செறிவையும் இப்போது சேர்த்திருக்கிறார். விடை இன்னும் கிடைக்கவில்லை. அவசரமில்லை என்று எழுதியிருக்கிறார்.

தையல் பிரித்த அன்று ஊர் திரும்பினோம். பேருந்தில் நைனாவுக்கு ஜன்னலோரம் இடம் பிடித்து, அம்மா தன் புடவைத் தலைப்பை நான்காக மடித்து அவர் இடுப்புக்கு அணை கொடுத்தாள். வழியில் சாலை ஏரிக்கரைபோல் மேடும் பள்ளமுமாக இருந்தது. ஒரு பெரிய பள்ளத்தில் பேருந்து விழுந்து எழுந்தபோது நைனாவின் கை என் மணிக்கட்டைப் பற்றியது. நான் ஒன்றும் கேட்கவில்லை. கேட்டால் என்ன சொல்வார் என்பது எனக்குத் தெரியும்.

அடுத்த பள்ளம் வந்தது. நைனா ஜன்னலுக்கு வெளியே பார்த்தபடி, மெல்லிய குரலில் சொன்னார்:

"மலரு, டிரைவர மெதுவாப் போவச் சொல்லும்மா. வலிக்குது."

அம்மா என்னைத் திரும்பிப் பார்த்தாள். என் இருபத்தேழு வயதில் அந்தச் சொல்லை அவர் வாயிலிருந்து நான் கேட்டதில்லை. கம்பியைப் பிடித்துக்கொண்டு எழுந்து, டிரைவரிடம் சொல்வதற்காக முன்னே நடந்தேன்.